பத்மினிக்குத் தகடு வைத்துக் கொடுத்தவர்களுக்கு

அப்பா 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் போன வாரம் மறுபடி தெருவில் இறங்கியது. கை கொடுத்தவர்கள் ஆளுக்கு ஓர் ஊரில் இருப்பதால் இந்த மடல்.

முதலில் டிங்கரிங் மேஸ்திரிக்கு. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இத்தனை வருடம் நின்ற வண்டியை வெறும் பெயிண்ட் வேலைக்குத்தான் உங்களிடம் கொண்டு வந்தேன். நீங்கள் ஸ்க்ரூடிரைவர் பிடியால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனீர்கள். 'டங் டங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்றது. சுரண்டினால், பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டிக்கு உள்ளே பழைய செய்தித்தாள். முன்பு ஒரு பட்டறையில் ஓட்டையை அப்படி அடைத்துத்தான் பளபளவென்று கொடுத்திருந்தார்கள்.

"இதுக்கு மேல பூசினா ரெண்டு மழைதான் தாங்கும், தம்பி" என்றீர்கள். ஜீப் மாதிரி இதற்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எடையைத் தாங்குகிறது, அது துருப்பிடித்துத் தொய்ந்ததால்தான் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கதவு வாசல் விரியாமல் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து நிறுத்திய பிறகுதான் வெட்டவே ஆரம்பித்தீர்கள். நல்ல தகடு தெரியும் வரை வெட்டினீர்கள். அட்டையில் அளவு எடுத்து, 20 கேஜ் தகட்டைக் கையாலேயே மடக்கினீர்கள். தகட்டின் மேல் தகடு ஏற்றியிருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். இடுக்கில் தண்ணீர் நிற்கும் என்று விளிம்போடு விளிம்பு முட்ட வைத்தீர்கள்.

அப்புறம், சிஓடூ வெல்டிங் மெஷினோடு திருவாரூரிலிருந்து வந்த தம்பிக்கு. தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அடுத்தது அந்தக் கோடியில், தொட்டுப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு இன்னொன்று. அப்படியே மூன்று நாள்! கடல்காற்று கிளம்பினால் வெல்டைக் காக்கிற கேஸைக் கலைத்துவிடும், வெல்டில் ஊசி ஊசியாக ஓட்டை விழும் என்று காலை ஆறு மணிக்கே வந்து நின்றாய். உன் பொறுமைக்கு நான் கொடுத்த கூலி ஈடாகாது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்து, வாளித் தண்ணீரும் நனைத்த சாக்குமாக வண்டிக்கு அடியிலேயே கண் வைத்திருந்த பட்டறைப் பையனையும் மறக்க மாட்டேன்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடைக்கார அண்ணனுக்குத் தனி நன்றி. மும்பை குர்லாவில் பத்மினி செய்வதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பின்சக்கரத்து வளைவைப் புதிதாக எங்கே வாங்குவது? பழைய வண்டி ஒன்றிலிருந்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, லாரி பார்சலில் அனுப்பினீர்கள். அந்த இரண்டு அங்குலம் இல்லையென்றால் இங்கே பொருத்தியிருக்கவே முடியாது.

மேஸ்திரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் கண்ணுக்கும் படாத உள்பக்கத்துக்கும் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, இணைப்புகளில் சீலண்ட் பூசி, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். கீழே படுத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வருகிறேன். கதவை நீங்களே ஒரு முறை சாத்திப் பாருங்கள். இப்போது தூக்க வேண்டியதில்லை.