முதலில் முற்றத்தைக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திறப்போ தோட்டுச் சுரையோ காணாமற்போனால் நம் வீடுகளில் உடனே நடப்பது என்ன? ஆளாளுக்கு இறங்கிக் கிளறுவார்கள், ஒருவர் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்குவார். அரைவாசிப் பொருட்கள் கிடைக்காமற்போவது இதனால்தான். ஈர்க்கு ஒருமுறை இழுபட்டாலே வன்னிச் செம்மண்ணிலும் முல்லைத்தீவுக் கரை மணலிலும் சின்னப் பொருள் புதைந்துவிடும். புதையாவிட்டால் குப்பையோடு போய்ப் பின்னேரம் எரிபடும்.

பொருள் காணவில்லை என்றதும் கோழிகளை அடையுங்கள், பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றுங்கள், குப்பைக்கு நெருப்பு வைக்காதீர்கள். கயிறு பிடித்து முற்றத்தை இரண்டடிப் பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டியையும் போகும்போதும் திரும்பும்போதும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் இலை மறைப்பது மறுபக்கத்தில் தெரியும். காலை 7 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் வெயில் சாய்ந்து விழுகிற நேரமே தோது. இரவில் டோர்ச்சை உயர்த்திப் பிடிக்காமல் நிலத்தோடு படுக்கவைத்து அடியுங்கள். கல்லுக்கும் சருகுக்கும் நீள நிழல் விழும், உலோகம் மின்னும்.

சுரை போன்ற தங்கப் பொருள் என்றால் மேல் மண்ணை ஓர் அங்குலம் வழித்து, காயவைத்து, மாவரிதட்டில் அரியுங்கள். ஈரமண் அரிதட்டின் கண்ணை அடைக்கும். அரிதட்டிலும் தப்பினால் மிச்ச மண்ணைத் தாச்சியில் போட்டுத் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றி, மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியவிடுங்கள். 22 கரட் தங்கம் மணலைவிட ஆறேழு மடங்கு பாரம், அடியில்தான் தங்கும். குப்பை எரிந்துவிட்டாலும் சாம்பலைக் கொட்டாதீர்கள். சுத்தத் தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும், 22 கரட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. முற்றத்துக் குப்பை நெருப்பு பொதுவாக அந்த அளவுக்குப் போகாது. கல் பதித்த நகையில் கல் வெடிக்கலாம், பொன் இருக்கும்.

கிணற்றில் விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்கும் கொக்கிக் கொத்தான பாதாளக் கரண்டியைத் தேடி ஓடுவதற்கு முன் தண்ணீரைக் கலக்காமல் பாருங்கள். வெயிலில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒளியை உள்ளே திருப்பினால், தெளிந்த தண்ணீரில் அடிச்சேறு வரை தெரியும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் 12 மணி கழிந்து 10 நிமிடமளவில் சூரியன் வன்னிக்கு நேர் மேலே நிற்கும், அப்போது கண்ணாடியும் தேவையில்லை. இடத்தைக் கிணற்றுக் கட்டின் மேல் கரிக்கோடு போட்டுக் குறித்த பிறகுதான் கரண்டியை இறக்க வேண்டும். கயிறு தொய்ந்தால் அடி தட்டிவிட்டது. ஒரு சாண் தூக்கிப் பிடித்து, கட்டைச் சுற்றி மெதுவாக நடவுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் சேறு கிளம்பும், பிறகு அது படியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கரண்டியின் கொக்கி வாளிப் பிடியை மாட்டும், தட்டைத் திறப்பை மாட்டாது. அதற்குப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சீலையில் பொதிந்து கட்டி இறக்குங்கள். முதலில் வீட்டிலுள்ள மாற்றுத் திறப்பில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளைத் திறப்பு ஒட்டாது. மேலே வெள்ளைப் பூச்சு இருப்பதால் பலரும் அதை இரும்பென்று நினைக்கிறார்கள். ஆனால் திறப்பு ஒட்டாவிட்டாலும் அதைக் கோர்த்த இரும்பு வளையம் ஒட்டும். திறப்பைத் தனியே வைத்திருக்காமல் வளையத்தில் போடுங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

எந்தப் பொருளுக்காகவும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். கோடையில் நீர் வற்றும்போது நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றின் உள்தட்டில் இறக்கி ஓட்டுகிறோம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இயந்திரத்தை நிற்பாட்டிய பின்னும் அது உள்ளே தங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார்.

கைத்தொலைபேசி தொலைந்தால் விடாமல் அழைத்து மின்கலத்தைத் தீர்க்காதீர்கள். வீடு அடங்கிய பிறகு இடைவெளி விட்டு அழைத்தால் அதிர்வுச் சத்தம்கூடக் கேட்கும். இன்றைக்கே *#06# என்று அழுத்தி, வரும் 15 இலக்க எண்ணை (IMEI, அந்தத் தொலைபேசிக்கே உரிய அடையாள எண்) கொப்பியில் எழுதிவையுங்கள். களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டில் முதலில் கேட்பார்கள்.

அடையாள அட்டை வீட்டில் இல்லையென்று உறுதியானால் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியை வாங்கி, அதோடு கிராம அலுவலரிடம் சென்று புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இலக்கத்தை வேறிடத்தில் எழுதிவைத்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

கண்டெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்லெண்ணத்தில்தான் பலரும் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து முகநூலில் போடுகிறார்கள். ஆனால் அந்த இலக்கத்தையும் முகவரியையும் வைத்து மோசடி செய்ய முடியும். பெயரையும் எடுத்த இடத்தையும் மட்டும் எழுதுங்கள். அட்டையைப் பொலிஸ் நிலையத்திலோ கிராம அலுவலரிடமோ கொடுத்துவிடுங்கள்.

வாசகர்,
கண்டாவளை, கிளிநொச்சி