பலகை விளையாட்டுப் பிரிவு: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் குடியிருப்புவாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் பலகை விளையாட்டுப் பிரிவு கடந்த ஆண்டு செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கேரமும் சதுரங்கமும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது, கட்டைகளையும் அட்டைகளையும் பொருத்தி வைத்து ஆடும் விளையாட்டுகள். சென்ற பொதுக்குழுவில் "இதெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம்" என்று ஒரு குரல் எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அறிக்கை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெக்ஸ். இதற்குப் பெட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துக்கு 11 வீதம் 121 அறுகோணக் கட்டங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்துக்கொண்டோம். ஓரம் உடைந்த பழைய கேரம் காய்கள், போதாததற்குச் சட்டைப் பொத்தான்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் ஒருவருக்கு, மற்ற இரண்டு அடுத்தவருக்கு. முறை வைத்து ஆளுக்கு ஒரு காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. தன் இரண்டு பக்கங்களையும் விடுபடாமல் இணைத்தவருக்கு வெற்றி. விதி அவ்வளவுதான். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் 1942இல் 'பொலிட்டிக்கன்' நாளிதழில் இதை அறிமுகப்படுத்தினார். அவரைப் பற்றித் தெரியாமலே 1948இல் பிரின்ஸ்டனில் ஜான் நாஷ் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அதே நாஷ்தான்.

நம் சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு இதில் முதல் அதிர்ச்சி, டிரா என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது. பலகை முழுக்கக் காய் நிரம்பினாலும் யாரோ ஒருவருடைய பாதை கட்டாயம் இணைந்திருக்கும். எதிராளியை முழுசாக மறிக்க ஒரே வழி, நம் பாதையை முடிப்பதுதான். எட்டரை மணிக்குக் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம் இங்கே செல்லுபடியாகவில்லை. ஆனால் முதலில் ஆடுபவர் நடுக்கட்டத்தைப் பிடித்துவிட்டால் அவர் கை ஓங்கிவிடுகிறது. அதற்கும் ஒரு மாற்று உண்டு. வீட்டில் மைசூர்பாகை ஒரு பிள்ளை வெட்ட, இன்னொரு பிள்ளை முதலில் எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டைப் போல, ஒருவர் முதல் காயை வைத்ததும் மற்றவர் விரும்பினால் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த விதி வந்தபின் யாரும் முதல் காயை நடுவில் வைப்பதில்லை.

அடுத்தது குவிர்க்கிள். ஆறு வடிவம், ஆறு நிறம், ஒவ்வொன்றிலும் மூன்று என 108 மரக்கட்டைகள். ஒரே வரிசையில் நிறம் ஒன்றாக இருந்தால் வடிவங்கள் வேறாக வேண்டும், வடிவம் ஒன்றாக இருந்தால் நிறங்கள் வேறாக வேண்டும். ஆறையும் முடித்தால் 12 புள்ளி. படிக்க ஓர் எழுத்துகூட இல்லாததால் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார முடிகிறது. உட்கார்ந்தார்கள், பாட்டிமார்தான் அதிகம் ஜெயித்தார்கள். ஒரே தொல்லை, நம் அரங்கின் மங்கலான ட்யூப் லைட்டில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரிந்தன. செயற்குழு விளக்கை மாற்றித் தந்தது. அப்புறம்தான் சண்டை ஓய்ந்தது.

சண்டை என்றதும் கார்காசோன் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரான்ஸின் தெற்கே மதில் சூழ்ந்த ஊரின் பெயர் அது. 72 அட்டைகளில் சாலை, கோட்டை, மடம், வயல். எடுத்த அட்டையின் ஓரம் பக்கத்து அட்டையோடு பொருந்த வேண்டும். முடிந்த கோட்டைக்கு அட்டை ஒன்றுக்கு 2 புள்ளி. நான்கு புறமும் எட்டு அட்டை சூழ்ந்த மடத்துக்கு 9. இதுவரை எல்லாம் சுமுகம். ஆனால் ஆள் வடிவக் காயை வயலில் படுக்க வைத்தால் அது கடைசிவரை எழாது. ஆட்டம் முடிந்ததும் அந்த வயலைத் தொட்டுக்கொண்டிருக்கும் முடிந்த கோட்டை ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. எந்த வயல் எங்கே முடிகிறது என்பதில் குரல் உயர்ந்தது, இரு குடும்பங்கள் சில வாரம் பேசிக்கொள்ளவில்லை. புதியவர்கள் வயல் இல்லாமல் ஆடலாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. முடிவை மதிக்கிறேன், ஆனாலும் வயலை எடுத்துவிட்டால் பாதி ஆட்டம் போய்விடுகிறது என்பது என் சொந்தக் கருத்து.

பிளாக்கஸ் என்ற ஆட்டத்தில் தன் நிறக் காயைத் தன் நிறத்தின் மூலையோடு மட்டுமே தொட வைக்கலாம், பக்கம் தொடக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் தொடர்ந்து தோற்றார்கள். அசுல் என்ற இன்னொரு ஆட்டத்தின் வண்ண வில்லைகள் மிட்டாய் மாதிரியே இருப்பதால் கைக்குழந்தையோடு வருபவர்கள் கவனமாக இருக்கவும்.

"குழந்தைகள் சமாச்சாரம்" என்றவருக்கு ஒரு தகவல். ஜெர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்கு வழங்கும் விருதைக் கார்காசோன் 2001இலும், குவிர்க்கிள் 2011இலும், அசுல் 2018இலும் வென்றன. மூன்றும் நம் அலமாரியில் இருக்கின்றன. அவர் அன்போடு ஒரு சனிக்கிழமை வந்து ஹெக்ஸ் பலகை முன் உட்கார வேண்டும்.

குறைகளும் உண்டு. இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டியில் அட்டைகள் குறைந்திருந்தன. விற்றவரிடமிருந்து பதில் இல்லை. இனி வாங்கிய அன்றே எண்ணிப் பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைகள் ஈரம் இழுத்து வளைந்தன. கேரம் பவுடர் பட்ட மேசையிலேயே இவற்றையும் பரப்பினால் கட்டையெல்லாம் வெள்ளை பூத்துவிடுகிறது.

எனவே பொதுக்குழு முன் இரண்டு வேண்டுகோள்கள்: இறுக மூடும் அலமாரி ஒன்று, கேரம் பக்கம் போகாத தனி மேசை இரண்டு. விலைப்புள்ளி பொருளாளரிடம் இருக்கிறது. ஹெக்ஸ் பலகைகளை மேலும் அச்சடிக்கப் பணம் கேட்கவில்லை. பழைய பொத்தான்கள் இருந்தால் கொடுங்கள், போதும்.

அரங்கின் சாவியை ஒவ்வொரு வாரமும் முகம் சுளிக்காமல் தந்த காவலாளி ஐயாவுக்கும், சுண்டல் கொண்டுவந்த மகளிர் குழுவினருக்கும் நன்றி. சுண்டல் கையோடு கட்டையைத் தொட வேண்டாம் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்று, மேற்கண்ட வேண்டுகோள்களைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்