கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மாஸ்டர்ஸ் கோல்ஃப் செய்தி வரும்போதெல்லாம் யார் எத்தனை அடி (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள், எந்தக் குழியை எப்படி ஆடினார்கள் என்றும் நாலு வரி போட்டால் என்ன?

மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தின் 12-வது குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து வெறும் 155 கெஜம், பார் 3 (அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது), பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஆனால் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) குறுகலாக, குறுக்கே சாய்வாகக் கிடக்கும், வலப்பக்கம் போகப் போகத் தூரம் கூடும், முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை, காற்றோ நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். கடைசி நாள் குழியையும் அதைக் காட்டும் கொடியையும் வலது ஓரத்தில்தான் வழக்கமாக நடுவார்கள். வலது கை ஆட்டக்காரர் லேசாகத் தவறினாலே பந்து வலப்புறம் விலகி, தூரமும் குறையும், அப்புறம் நேராகத் தண்ணீர்தான்.

2016-ல் கடைசி நாள் ஜோர்டான் ஸ்பீத் என்ற ஆட்டக்காரர் பாதி ஆட்டத்தில் 5 ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தவர், இங்கே இரண்டு பந்தை ஓடையில் விட்டு 7 எடுத்தார். 2019-ல் கடைசி நாள் மொலினாரி, கெப்கா, ஃபினாவ் ஆகிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் பந்தை ஓடையில் விட, டைகர் உட்ஸ் இடப்பக்கம் மணல் குழிக்கு மேலே பத்திரமாக அடித்து, இரண்டு பட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) பார் எடுத்தார் (அதே டைகர் அடுத்த ஆண்டு அங்கேயே 10 எடுத்தார், அது வேறு கதை). ஸ்கோர் பட்டியலில் 2019-ல் அவர் எடுத்த அந்தப் பார் வெறும் ‘3’. அதைக் கொஞ்சம் விளக்கி எழுதச் சொல்லுங்கள், சார்.

– ஒரு வாசகர்