டுபாய் பயணத்தில் பாலைவன நடை: ஏன் டிசம்பருக்கு மாற்றினோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

ஓகஸ்ட் விடுமுறைக்கான டுபாய் பயணத்தில் மலீஹா பாலைவன நடை இல்லை என்றதும் பலர் வெள்ளவத்தை அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டீர்கள். "நாங்கள் காணாத வெயிலா?" என்பதுதான் அநேகமாக எல்லாருடைய கேள்வியும். நியாயமான கேள்விதான், காலிமுகத்திடலில் பின்னேர வெயிலிலேயே பட்டம் விடுகிற ஊர் இது.

ஆனால் அது வேறு வெயில். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் சட்டை ஒட்டிக்கொள்ளும், புழுக்கம் தாங்காமல் நாமே நிழலுக்குப் போய்விடுவோம். கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் பாலைவனத்தில் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடுவதால், உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. தலையிடி, வாந்தி என்று தொடங்கும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிட்டத்தில் இருக்க வேண்டுமே! ஓகஸ்டில் அங்கே பகலில் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அந்நாட்டில் சட்டமே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் நிலைமை வேறு. விடியப்புறம் டுபாயிலிருந்து புறப்பட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் சார்ஜாவின் மலீஹா. வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிடலாம். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பாறைகள் அவை. சிப்பிகளின் கல்லுருவங்களைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் பொறுக்கிப் பைக்குள் போடக் கூடாது. 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான வட்டக் கல்லறையும் அங்கே உண்டு. பக்கத்து ஃபாயா பகுதியை 2025இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடைத்தெருவில் போகும் இன்னொரு நாளைவிட இது பெறுமதி என்பது எங்கள் எண்ணம். பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் நாங்கள் தருவோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை குடியுங்கள். ஒரு பக்கெட் ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பையில் இருக்கட்டும், வெறும் தண்ணீர் உப்பைத் திருப்பித் தராது. செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்துப் போடுங்கள். அப்புறம், சுவெட்டரைக் கொண்டுவரச் சொன்னால் சிரிக்காதீர்கள், விடியற்காலை நன்றாகக் குளிரும்.

மழை அறிவிப்பு இருந்தால் நடை ரத்து. காய்ந்து கிடக்கும் ஓடைகளில் எங்கோ மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வரும், இதில் பேரம் பேச முடியாது.

ஓகஸ்டுக்கு முற்பணம் கட்டியவர்கள் மேலதிகக் கட்டணம் இல்லாமல் டிசம்பருக்கு மாறலாம். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள். சில குளிசைகள் சிறுநீரைக் கூட்டும். அந்த வறட்சியில் அது சிக்கல்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்
வெள்ளவத்தை, கொழும்பு 06