மிஷனெரி சங்கம்: செயலர் ஆண்டறிக்கை 2025–26

கர்த்தருக்குள் அன்பான போதகர் அவர்களுக்கும் சபையாருக்கும் வாழ்த்துகள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட வேலை, ஜாம்பியா நாட்டின் லுவாபுலா மாகாணத்தில் இருக்கும் ம்பெரேஷி மிஷன் மருத்துவமனைக்கு உதவுவது. களியக்காவிளையில் இருந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. 1838-இல் நம் குமரி மாவட்டத்து நெய்யூரில் வைத்தியம் தொடங்கிய அதே லண்டன் மிஷன்தான் 1900-இல் ம்பெரேஷியிலும் போய் இறங்கியது. இப்போது அந்த மருத்துவமனை ஜாம்பியா ஐக்கிய சபையின் பொறுப்பில் இருக்கிறது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் பிறகு நெய்யூரில் தங்கி அறுவைக் கத்தி பிடித்த காலத்தில், நம் தாத்தா பாட்டிமாருக்கு நடந்த வைத்தியத்தில் முகம் தெரியாத யார் யாரோ போட்ட காணிக்கையும் இருந்தது. லுவாபுலாவில் மலேரியா கடுமை. அங்கேயும் மரச்சீனிதான் அன்றாடச் சாப்பாடு. இதைச் சொன்னதும் பெண்கள் ஐக்கிய சங்கம் வேறெதுவும் கேட்காமல் சம்மதித்துவிட்டது.

பிடியரிசி, அதாவது சமைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி எடுத்துவைக்கும் காணிக்கை அரிசி, அவர்கள் கையில்தான் நடந்தது. ரேஷன் அரிசியைப் போடவேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லவேண்டி வந்தது, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட் மழையில் நனைந்தும் குறைவில்லாமல் முடிந்தது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம். ஒரு செந்துளுவன் வாழைக்குலையை எடுத்தவர் சபைக்கே திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வந்து, மூன்றாவது ஆள் கையில்தான் வீட்டுக்குப் போனது. கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து உறவுக்காரர்கள் மலையாளத்தில் விலையை ஏற்ற, நம்மவர்கள் விடாமல் தமிழில் ஏற்ற, ஏலம் கூறிய அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரப்பர் ஷீட்டை மட்டும் யாரும் ஆசையாகக் கேட்கவில்லை. வீட்டிலேயே அடுக்கி வைத்திருப்பவர்கள் எதற்குக் கேட்கிறார்கள்?

மீந்த மாத்திரைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். மனம் வருந்தவேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதி பாக்கி இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிரித்த அட்டைகளை அங்கே வைத்து என்ன செய்வார்கள்?

சரி, பணம் சேர்ப்பது எளிது, அனுப்புவதுதான் பாடு. வெளிநாட்டுப் பணம் என்றாலே நமக்கு எஃப்.சி.ஆர்.ஏ. தான் நினைவுக்கு வருகிறது. அது உள்ளே வரும் பணத்துக்கான சட்டம். இத்தனை காலம் வாங்கியே பழகிவிட்டோம். வெளியே போகும் பணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் அந்த வழி டிரஸ்ட்டுகளுக்குக் கிடையாது. முன் அனுமதி இல்லாமல் அறநிதியை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கும் போய்விடும். ஆடிட்டர் இதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். விரும்பிய குடும்பங்கள் தங்கள் சொந்தப் பணத்தைத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து, பான் எண்ணும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ-2 படிவமும் கொடுத்து, நேராக அனுப்பினார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை வங்கி அதற்கு வரி பிடிப்பதில்லை. நம் சபையில் அந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. ஏலம், பிடியரிசி, கேரல் பணம் மட்டும் சங்கக் கணக்கில் நிற்கிறது. உரிய அனுமதி பெற்று அனுப்ப வழிசெய்யும்படி பேராய அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில், சும்மா கிடக்கும் பணம்தானே, ஆலயத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமே என்று ஒரு பேச்சு ஓடுகிறது. செயற்குழு அதற்கு இசையவில்லை. ம்பெரேஷி பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அது. அனுமதி வரும்வரை அதை வைப்புநிதியில் போட்டு வைக்கவும், வேறு எந்தச் செலவுக்கும் தொடாமல் இருக்கவும் பொதுக்குழு இன்றே தீர்மானம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்