அந்த ஒன்றரை வினாடி முகத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

அன்புள்ள எடிட்டருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பலரை ஒரே வீட்டில் தங்கவைத்துப் படம்பிடிக்கும் உங்கள் ரியாலிட்டி ஷோ முடிந்ததும் எழுத்துகள் ஓடுமே, அதை ஒருநாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எடிட்டிங் என்பதற்குக் கீழே ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன. அதில் நீங்கள் யார், ஆணா பெண்ணா, உங்கள் வீட்டிலும் 13 வயதில் ஒரு மகள் இருக்கிறாளா, எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சமையலறைக் காட்சியை வெட்டி ஒட்டியது உங்களில் ஒருவர்தான். அவருக்குத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் தான்தான் அந்த வீட்டுக்குத் தலைவி என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொல்கிறாள். உடனே மூலையில் நிற்கும் மூன்றாவது பெண்ணின் முகத்தைக் காட்டுகிறீர்கள். உதட்டைச் சுளித்து, கண்ணை ஒரு சுழற்று சுழற்றி, வேறு பக்கம் திரும்புகிறாள். கூடவே ஒரு இசை. அவ்வளவுதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் "பாத்தியாம்மா, எப்படி வயிறு எரியுது அவளுக்கு" என்றாள்.

எனக்கு ஏதோ உறுத்தியது. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். சமையலறையில் நிற்கும்போது அந்தப் பெண்ணின் முடி விரித்துவிட்டிருந்தது, கண்ணைச் சுழற்றும் அந்த ஒன்றரை வினாடியில் மட்டும் கொண்டை போட்டிருந்தாள். அது வேறு நேரம், வேறு பேச்சு, ஒருவேளை வேறு நாளே கூட. மகளிடம் காட்டினேன். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு "சரி, அதனால என்ன, அவ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டாள். என்னை உலுக்கியது அந்தப் பதில்தான். வெட்டி ஒட்டியது தெரிந்த பிறகும் அது காட்டியதை அவள் நம்பினாள்.

இது உங்கள் தொழிலின் அரிச்சுவடி என்று எனக்குத் தெரியும். சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சியே இல்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ண சூப்புக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார், பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சினிமா படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் சினிமா எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அதைச் செய்தார். நீங்கள் உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் சொந்த முகத்தை வைத்துச் செய்கிறீர்கள், மேலே ரியாலிட்டி என்று பெயரும் போடுகிறீர்கள். பேச்சும் அப்படித்தான். ஒருவர் வெவ்வேறு நேரத்தில் சொன்ன வார்த்தைகளைத் தைத்து, சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைப்பதற்கு உங்கள் உலகத்தில் ஃப்ராங்கன்பைட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு ஒரு தோழி உண்டு, ஐந்து வயதிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு போட்டிக்கு என் மகளின் பெயரை வகுப்பில் அறிவித்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் சந்தோஷத்தைச் சொல்லவில்லை. "என் பேரைச் சொன்னதும் அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே" என்றுதான் ஆரம்பித்தாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அந்தத் தோழி எதைப் பார்த்து முகம் சுளித்தாள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கண்ணில் வெயில் பட்டிருக்கலாம், பின்னால் இருந்த யாராவது சீண்டியிருக்கலாம். கேட்டுப் பார் என்றால் மகள் கேட்கமாட்டேன் என்கிறாள். "கேட்டா ஒத்துக்குவாளா? பொண்ணுங்களை நம்பவே முடியாதும்மா." தன் தோழியின் முகத்தை அவள், நீங்கள் பேச்சுக்கு நடுவே வெட்டி ஒட்டும் முகம் மாதிரி, ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டாகப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட நான் வரவில்லை. 13 வயதில் தோழிகளுக்குள் மனக்கசப்பு டிவி வருவதற்கு முன்னாலும் இருந்தது. ஆனால் அமெரிக்காவின் கேர்ள் ஸ்கவுட்ஸ் என்ற சிறுமிகளுக்கான சாரணர் அமைப்பு 11 முதல் 17 வயதுவரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளிடம் கேட்டு 2011ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ரியாலிட்டி ஷோக்களைத் தவறாமல் பார்க்கும் சிறுமிகளில் 63 சதவீதம் பேர் மற்ற பெண்களை நம்புவது கஷ்டம் என்றார்கள், பார்க்காதவர்களில் 50 சதவீதம். புறம் பேசுவது பெண்களுக்குள் சகஜம் என்றவர்கள் பார்ப்பவர்களில் 78 சதவீதம், பார்க்காதவர்களில் 54. பார்ப்பதால்தான் அப்படி ஆனார்கள் என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை, ஏற்கெனவே அப்படி நினைப்பவர்கள் விரும்பிப் பார்க்கவும் கூடும். தவறாமல் பார்க்கிறவர்களுக்குத் தன்னம்பிக்கை அதிகமாக இருந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அந்த 63ஐப் படித்தபோது என் மகள் பேசியதுதான் காதில் கேட்டது.

அப்புறம் இன்னொன்று. ஒரு டாஸ்க்கில் ஆண் ஒருவன் கத்தினால் வீரமான இசை போடுகிறீர்கள், அவன் ஆட்டத்தைப் புரிந்தவன். அதே டாஸ்க்கில் ஒரு பெண் குரலை உயர்த்தினால் இசை மாறிவிடுகிறது, அவள் திமிர் பிடித்தவள். அழுகிறவள், சூது செய்கிறவள், எல்லோருக்கும் அம்மா மாதிரி இருப்பவள், அழகாக மட்டும் இருப்பவள் என்று பெண்களுக்கு நாலைந்து சட்டைதான் தைத்து வைத்திருக்கிறீர்கள், யார் உள்ளே வந்தாலும் அதில் ஒன்றை மாட்டிவிடுகிறீர்கள். 2004ல் அமெரிக்காவில் 'தி ஸ்வான்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது, தங்களை அழகில்லை என்று நினைத்த பெண்களுக்கு அறுவை சிகிச்சைகள் செய்து, மாதக்கணக்கில் கண்ணாடியே பார்க்கவிடாமல் வைத்திருந்து, கடைசியில் அவர்களுக்குள்ளேயே அழகிப் போட்டி நடத்தினார்கள். இப்போது அவ்வளவு அப்பட்டமாக யாரும் செய்வதில்லைதான். ஆனால் ஒரு பெண் உள்ளே நுழைந்ததும் கேமரா அவள் காலிலிருந்து மேலே ஏறுவது இன்னும் நிற்கவில்லை.

1999ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொடங்கியதிலிருந்து இந்த வகை நிகழ்ச்சிகளின் கணக்கு ஒன்றுதான்: வீடு முழுக்க கேமரா, 24 மணி நேரமும் பதிவு, அதில் ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு வரும். மீதி 23 மணி நேரமும் உங்களிடம் இருக்கிறது. அதில் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் தலை வாரிவிட்டிருப்பார்கள், ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி அவள் வேலையையும் சேர்த்துச் செய்திருப்பாள், ராத்திரி படுக்கையில் கிடந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சண்டை போட்ட இரண்டு பேர் மறுநாள் காலையில் எப்படித் திரும்பப் பேச ஆரம்பித்தார்கள், யார் முதலில் வாயைத் திறந்தார்கள், என்ன சொன்னார்கள், அதுவும் அங்கே கிடக்கும். எனக்கு வேண்டியது அதுதான். சண்டையை எடுக்கச் சொல்லவில்லை, சண்டை போடாத பெண்களை எங்கே தேடுவது? அந்த மறுநாள் காலையையும் இரண்டு நிமிடம் விட்டுவையுங்கள். என் மகள் நூறு சண்டைகளைத் திரையில் பார்த்திருக்கிறாள். இரண்டு பெண்கள் சமாதானம் ஆவதை எத்தனை முறை பார்த்தாள் என்று யோசித்தால் எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நான் டிவியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஃபோனில் பார்ப்பாள். இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கிறோம், கொண்டை, கம்மல், சட்டையின் நிறம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு. போன வாரம் அவளே ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி "அம்மா, இந்த ஷாட்ல கம்மல் வேற" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தோழியோடு இன்னும் பேசவில்லை, ஆனால் அந்தக் கொண்டை போட்ட ஒன்றரை வினாடியைப் பற்றி நேற்று தானாகவே திரும்பக் கேட்டாள். அந்தப் பெண் நிஜமாக எதற்காகக் கண்ணைச் சுழற்றினாள், எந்த நாள், எதிரே யார் இருந்தார்கள், அது உங்களிடம்தான் இருக்கிறது. முடிந்தால் எனக்கு எழுதுங்கள். அவளிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு அம்மா