வாய்ப்பாட்டுக்கு முன் புளியங்கொட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பிக்கிறார்கள். நிறுத்தி, 'எட்டு ஏழு எவ்வளவு?' என்று கேட்டால், 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு' என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

புளியங்கொட்டையை ஏழேழாக எட்டு வரிசை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வரிசைக்கு 35, மீதி மூன்றுக்கு 21, ஆக 56 என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். அதே அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் எட்டெட்டாக ஏழு வரிசை. எட்டாம் வாய்ப்பாட்டிலும் ஒன்று தெரிந்துவிட்டது! மனப்பாடம் வேண்டாம் என்பதில்லை, அது அப்புறம் வரட்டும். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் இப்படிச் செய்து கற்க இடமிருக்கிறது. வாய்ப்பாட்டைப் பத்து முறை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தைப் பள்ளிகள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

– ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, கும்பகோணம்